சான்றிதழ் இல்லாத பாஸ்மாருக்கு: வேலை அனுபவத்தை வைத்துக் கொழும்பில் என்விகியூ எடுப்பது எப்படி

பதினாறு வருடமாக ஏசியும் ஃபிரிட்ஜும் திருத்துகிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் என் பெயர் பலருக்குத் தெரியாது, 'ஏசி பாஸ்' என்றால்தான் தெரியும். கைத்தொழில் தெரிந்த ஆளை இங்கே பாஸ் என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஹோட்டலின் பராமரிப்பு வேலைக்கு விலை கொடுக்கப் போனேன். "என்விகியூ நாலு இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் நான் கொண்டுபோன பைலைத் திறக்காமலே திருப்பித் தந்துவிட்டார்கள்.

அந்தச் சான்றிதழை எடுக்க எனக்கு ஒன்றரை வருடம் போனது. அதில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல். பிழையான இடத்தில் காசு கட்டினேன், பிழையான கடிதம் கொண்டுபோனேன், பெயர்ப் பிரச்சினையில் ஒரு மாதம் நின்றேன். மேசன், வயரிங், தையல், சமையல், வெல்டிங் என்று எந்த வேலை செய்பவராக இருந்தாலும் வழி ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் நான் போன ஒழுங்கில் அல்ல, போயிருக்க வேண்டிய ஒழுங்கில் எழுதுகிறேன்.

1. உங்களுக்கு வேண்டியது வகுப்பா, மதிப்பீடா?

என்விகியூ என்பது தேசிய தொழில்சார் தகைமை. ஏழு மட்டம் இருக்கிறது. முதலாவது தொடக்கநிலை. நான்காவது, மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலையை முடிக்கக்கூடிய ஆளுக்கு. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கடையிலும் சைட்டிலும் வேலை பழகிய நமக்கு மூன்று அல்லது நான்குதான் பேச்சு.

அதை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அதற்கான பாடநெறியில் சேர்ந்து படித்து மதிப்பீட்டுக்குப் போவது. மற்றது 'முன்கற்றலை அங்கீகரித்தல்'. அலுவலகத்தில் எல்லோரும் ஆர்பிஎல் என்றுதான் சொல்வார்கள். ஏற்கனவே தொழில் தெரிந்தவர் தன் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டி, நேரே மதிப்பீட்டுக்குப் போகும் வழி இது. சாதாரண தரம் சித்தியடையாதவருக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது.

எனக்கு இது தெரியாது. ஒரு தனியார் இடத்தில் ஆறு மாத ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். எனக்குப் பாடம் எடுத்த பையன் கம்ப்ரசர் மாற்றியதை நான் பார்த்ததில்லை. கடைசியில் தங்க எழுத்துச் சான்றிதழ் ஒன்று தந்தார்கள். அதில் அவர்களுடைய முத்திரை மட்டும்தான் இருந்தது. அது என்விகியூவே இல்லை.

இந்தப் பொறியில் விழுபவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். தொழிற்கல்வி நிறுவனங்களைப் பதிவு செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, சுருக்கமாக டிவெக். நிறுவனம் டிவெக்கில் பதிவாகியிருப்பது ஒரு விஷயம். அங்கே நடக்கும் ஒரு குறிப்பிட்ட பாடநெறி என்விகியூ கொடுக்கத் தகுதி பெற்றிருப்பது இன்னொரு விஷயம். அந்தத் தகுதிக்குத் தர அங்கீகாரம் என்று பெயர். பலகையில் 'அரசில் பதிவு செய்யப்பட்டது' என்று போட்டிருப்பது பொய்யாக இருக்காது. ஆனால் நீங்கள் சேரும் பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருக்கிறதா, எந்த மட்டத்துக்கு, எந்தத் திகதி வரைக்கும் என்று கேட்டு, பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காசில் கை வைக்க வேண்டும். டிவெக் இணையத்தளத்திலும் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

2. உங்கள் தொழிலின் நியமத்தை வாசியுங்கள்

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு 'தேசிய தேர்ச்சி நியமம்' இருக்கிறது. டிவெக் இணையத்தளத்தில் கிடைக்கும். அந்தத் தொழிலில் என்னென்ன வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதை அலகு அலகாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். மூன்றாம் மட்டத்துக்கு எந்த அலகுகள், நான்காம் மட்டத்துக்கு எவை என்பதும் அதிலேயே இருக்கும்.

இதை யாரும் வாசிப்பதில்லை. ஆங்கிலத்தில் பார்த்தால் தலை சுற்றும்தான். வீட்டில் ஏ/எல் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பின்னேரம் செலவழியுங்கள். ஒவ்வொரு அலகுக்கும் நேரே மூன்று குறிகளில் ஒன்றைப் போட்டேன்: தினமும் செய்கிறேன், எப்போதாவது செய்கிறேன், செய்ததில்லை. மூன்றாவது குறி இரண்டு இடத்தில்தான் விழுந்தது. ஒன்று, வேலைக்கான செலவு மதிப்பீடும் விலைக்கணிப்பும் எழுத்தில் கொடுப்பது. மற்றது வேலைத்தளப் பாதுகாப்பு. முதலாவதைக் கணக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இரண்டு நாளில் சொல்லித் தந்தார். இரண்டாவதை அலட்சியமாக விட்டேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

3. எந்தக் கதவைத் தட்டுவது

ஆர்பிஎல் வேலையை அதிகமாகச் செய்வது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை. நைட்டா என்றால்தான் ஓட்டோக்காரருக்கும் புரியும். தலைமை அலுவலகம் ராஜகிரிய, வெலிக்கடையில் இருக்கிறது. கோட்டையிலிருந்து 171, கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ் அந்தப் பக்கம் போகும். சான்றிதழை வழங்குகிற டிவெக் இருப்பது நாரஹேன்பிட்ட, எல்விட்டிகல மாவத்தையில் உள்ள 'நிபுணதா பியச' கட்டடத்தில். கோட்டையிலிருந்து 103 இல் போகலாம். இலங்கை தொழிற்பயிற்சி அதிகார சபையும் அதே வளாகத்தில்தான்.

இரண்டு இடத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் முதலில் நாரஹேன்பிட்டவுக்குப் போய் அரை நாள் வரிசையில் நின்றேன். கவுண்டருக்கு வந்ததும் விண்ணப்பம் இங்கே இல்லை, ராஜகிரியவுக்குப் போங்கள் என்றார்கள். போக முன் போன் எடுத்து, உங்கள் தொழிலுக்கான விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில் கொடுப்பது, அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். அவர்கள் பாதி நாள் வெளியே மதிப்பீடுகளுக்குப் போய்விடுவார்கள்.

மொழி விஷயம். தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். படிவத்தில் மொழி என்று ஓர் இடம் இருந்தால் தமிழ் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் தனித் தாளில் 'என் மதிப்பீட்டைத் தமிழில் நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி, படிவத்தோடு சேர்த்துக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளருக்காகக் காத்திருந்தால் திகதி தள்ளிப் போகலாம். கதைப்பதற்குச் சிங்களம் எனக்குச் சிக்கலில்லை, ஆனால் காரணம் சொல்லி விளக்க வேண்டிய இடத்தில் தமிழ்தான் வாயில் வரும். காத்திருந்தது நல்லது என்றே நினைக்கிறேன்.

4. ஆவணங்கள், அதிலும் உங்கள் பெயர்

பொதுவாகக் கேட்பவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பாடசாலைச் சான்றிதழ் இருந்தால் அதுவும், பாஸ்போர்ட் அளவுப் படம், தொழில் அனுபவக் கடிதம். சொந்தமாகத் தொழில் செய்பவரிடம் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் கேட்கலாம். அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேண்டுமென்றால் அது தனி அலைச்சல்.

இப்போது பெயர். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய வில்லங்கம். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஒரு தாளில் முதலெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர். என்னுடைய பழைய அடையாள அட்டையில், ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் 'வி' வருகிற அட்டையில், பெயர் சிங்களத்தில் மட்டும் இருந்தது. படிவம் நிரப்ப உதவிய பிள்ளை அதைப் பார்த்து ஆங்கில எழுத்தைத் தன் காதுக்குப் பட்ட மாதிரி எழுதிவிட்டது. பாஸ்போர்ட்டில் இருப்பதோடு இரண்டு எழுத்து வித்தியாசம். நான் கவனிக்கவில்லை.

சான்றிதழில் பெயர் படிவத்தில் உள்ளபடிதான் அச்சாகும். பிறகு வெளிநாட்டுக்குப் போக நினைத்தால், பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் இருப்பது இரண்டு ஆட்கள் ஆகிவிடுவார்கள். என்னுடையது படிவத்திலேயே பிடிபட்டது. சரிபார்த்த அம்மணி பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். புதுக்கடையில் நீதிமன்றப் பக்கம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்து, படிவத்தை மறுபடி எழுதிக் கொடுக்க ஒரு மாதம். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த அம்மணியை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பாஸ்போர்ட் இருந்தால் அதிலுள்ள எழுத்துக்கூட்டலை ஒரு துண்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவமானாலும் அதைப் பார்த்தே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ் வேறு மாதிரி இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். மூலப் பத்திரங்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பார்க்கக் கொடுங்கள், உடனே திரும்ப வாங்குங்கள்.

5. சான்றுக் கோப்பு: பாதி வேலை இங்கேதான்

நீங்கள் இந்த வேலையை உண்மையில் செய்கிறவர் என்பதைக் காட்டும் ஆதாரங்களின் தொகுப்பு இது. நிறையப் பேர் இரண்டு கடிதத்தோடு போய்த் திரும்பி வருகிறார்கள்.

முதலில் கடிதம். நான் பதினொரு வருடம் வேலை செய்த கடையின் முதலாளி கடிதம் தர மறுத்துவிட்டார். எனக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டாததால் எழுத்தில் எதையும் கொடுக்கப் பயம், வேறொன்றுமில்லை. கெஞ்சியதில் 'இவர் நல்ல நடத்தை உள்ளவர்' என்று இரண்டு வரி தந்தார். நல்ல நடத்தையால் ஏசி ஓடுமா? அனுபவக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன பதவி, என்னென்ன வேலைகள், எழுதியவரின் பெயர், தொலைபேசி இலக்கம், முத்திரை. 'பிரிவு வகை ஏசி பொருத்துதல், கேஸ் ஏற்றுதல், மின்பலகைக் கோளாறு கண்டுபிடித்தல்' என்று பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, நியமத்தில் உள்ள வார்த்தைகளைப் பார்த்து நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்துக் கேளுங்கள். எழுதுவதற்குச் சோம்பல்பட்டுத்தான் பலர் மறுக்கிறார்கள்.

பழைய முதலாளி கடைசி வரை தராவிட்டால் வாடிக்கையாளர்களிடம் போங்கள். எனக்குக் கைகொடுத்தது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை, ஒரு மருந்துக்கடை, வெள்ளவத்தையில் ஓர் அபார்ட்மென்ட் நிர்வாகக் குழு. எட்டு வருடமாக எங்கள் ஏசிகளை இவர்தான் பார்க்கிறார் என்று தலைப்புத் தாளில் எழுதித் தந்தார்கள். பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் வாங்கிய பில்கள், என் சொந்த பில் புத்தகத்தின் அடிக்கட்டைகள், வங்கிக்கு வந்த காசின் பதிவு எல்லாம் சேர்ந்தன.

அடுத்தது படங்கள். வேலை முடிந்த பிறகு பளபளவென்று இருக்கும் ஏசியை எடுத்து என்ன பயன், அதை யாரும் பொருத்தியிருக்கலாம். உங்கள் முகமும் கையும் கருவியும் ஒரே படத்தில் வரவேண்டும். தொடக்கம், நடு, முடிவு என்று ஒரு வேலைக்கு மூன்று படம். ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், என்ன வேலை என்று ஒரு வரி. மூன்று மாதம் எடுத்தேன். கையாளாக இருக்கும் தம்பிதான் படப்பிடிப்பாளர். முதல் வாரம் எடுத்த படங்களில் என் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

படத்தில் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாவிட்டால் அந்தப் படத்தைச் சேர்க்காதீர்கள். உங்கள் பிழையை நீங்களே அச்சடித்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

எல்லாவற்றையும் அலகு வாரியாகப் பிரித்து, இடையில் கலர் தாள் வைத்து அடுக்குங்கள். அலகு ஒன்றுக்கு என்ன ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று முன்னால் ஓர் அட்டவணை. ஒரு முழுப் பிரதி வீட்டில் இருக்கட்டும்.

6. செலவும் நேரமும்

மதிப்பீட்டுக் கட்டணம் தொழிலுக்கும் மட்டத்துக்கும் ஏற்ப மாறும், அவ்வப்போது திருத்தவும் செய்வார்கள். அதனால் விண்ணப்பிக்கும் நாளில் கவுண்டரில் கேட்பதுதான் சரியான தொகை. அலுவலகப் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். 'நான் உள்ளுக்குள் கதைத்து எடுத்துத் தருகிறேன்' என்று தேநீர்க் கடையில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுங்கள். சில காலங்களில் சில தொழில்களுக்கு அரசுத் திட்டங்களில் இலவசமாகவும் மதிப்பீடு நடக்கும். அப்படி ஏதும் இப்போது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில் நட்டமில்லை.

கணக்கில் வராத செலவுதான் கடிக்கும். படம் அச்சடிக்க, போட்டோகொப்பி, பைல், சத்தியக்கடதாசி என்று எனக்கு ஆறாயிரம் ரூபாவுக்கு மேல் போனது. அதைவிடப் பெரிது வேலைக்குப் போகாமல் விட்ட ஏழு நாள். ஏப்ரல் வெயிலில் ஏசிக்காரன் ஒரு நாள் வீட்டில் நின்றால் எவ்வளவு போகும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தொழிலில் வேலை குறைந்த மாதம் எதுவோ அதில் விண்ணப்பியுங்கள்.

பெயர்ச் சிக்கல் தீர்ந்து இரண்டாம் முறை படிவம் கொடுத்ததிலிருந்து சான்றிதழ் கைக்கு வரும் வரை எனக்கு ஏழு மாதம் எடுத்தது. ஒரு வேலைக்கான முடிவுத் திகதி வைத்துக்கொண்டு கடைசி மாதத்தில் ஓடாதீர்கள்.

7. மதிப்பீட்டு நாள்

புள்ளி கிடையாது. 'தேர்ச்சி உண்டு' அல்லது 'இன்னும் இல்லை', இரண்டே முடிவு. வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள், செய்யும்போதே கேள்வி கேட்பார்கள், கோப்பைப் புரட்டி 'இந்தப் படத்தில் என்ன செய்கிறீர்கள்?' என்பார்கள். கருவிகள் அங்கே இருக்குமா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்று முதல் நாளே கேளுங்கள். நான் என் சொந்தக் கேஜையும் வெக்கியூம் பம்பையும் கொண்டுபோனேன். கைக்குப் பழகிய கருவி பாதித் தைரியம்.

அனுபவம் உள்ளவன் தடுக்கி விழும் இடம் ஒன்றிருக்கிறது. நாம் களத்தில் பழகிய குறுக்குவழிகள். குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தே கேஸ் குறைவா இல்லையா என்று சொல்லிவிடுவோம். அங்கே கேஜ் போட்டு அளவு பார்த்து எழுத வேண்டும். மின்சாரத்தை நிறுத்தாமல் மூடியைத் திறப்போம். அங்கே நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பழைய ஆர்22 கேஸைக் காற்றில் விட்டுவிட்டு லைனைக் கழற்றுவது எங்கள் தெருவில் வழக்கம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு அது, சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு என் வாயிலிருந்து வந்த முதல் பதில், "அதற்கு நேரம் இருக்காது சேர்" என்பது.

பாதுகாப்பு அலகில் 'இன்னும் இல்லை' என்று வந்ததற்கு அது ஒன்றே போதுமாக இருந்திருக்கும். கண்ணாடி போடாமல் பிரேசிங் (குழாயைச் சூட்டில் ஒட்டுதல்) செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடாது. தேர்ந்த அலகுகளுக்கு அடைவுப் பதிவு இருக்கும். தவறிய அலகுக்கு மட்டும் திரும்பப் போகலாம். இரண்டு மாதம் கழித்துப் போனேன். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன் என்று வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

8. சான்றிதழ் வந்ததும்

வாங்கிய இடத்திலேயே நின்று பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழிலின் பெயர், மட்டம் நான்கையும் பாருங்கள். பிழை இருந்தால் அந்தக் கவுண்டரை விட்டு நகராமல் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அது புது விண்ணப்பம் மாதிரி ஆகிவிடும். டிவெக்கின் இணையப் பதிவில் உங்கள் பெயர் வருகிறதா என்றும் தேடிப் பாருங்கள். வேலை தருபவர்கள் அங்கேதான் சரிபார்ப்பார்கள்.

லெமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதானால் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டி வரும். பிளாஸ்டிக்குக்கு மேல் முத்திரை குத்த முடியாது. எங்கள் தெருவில் வெல்டிங் பாஸ் ஒருவர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் ஆசையில் லெமினேட் செய்துவிட்டு, இரண்டாம் பிரதிக்கு அலைந்தார்.

நான்காம் மட்டத்தோடு நிற்க வேண்டுமென்றில்லை. ஐந்தாம் மட்ட டிப்ளோமாவுக்கு மருதானைத் தொழில்நுட்பவியல் கல்லூரி போன்ற இடங்களும், அதற்கு மேல் போகிறவருக்கு இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எனக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது, நான் இதோடு சரி.

9. அனுபவமே இல்லாத தம்பி தங்கைமாருக்கு

ஆர்பிஎல் உங்களுக்கானது அல்ல. உங்களுக்குப் பயிலுனர் வழி இருக்கிறது. நைட்டாவில் பதிந்தால் ஒரு வேலைத்தளத்தில் சேர்த்துவிடுவார்கள். வேலை பழகிக்கொண்டே காலம் முடித்து மதிப்பீட்டுக்குப் போகலாம். காலம் தொழிலுக்கு ஏற்ப மாதங்களும் இருக்கும், வருடங்களும் இருக்கும். பெரிய கம்பனிதான் என்றில்லை, சிறிய கடையிலும் பழகலாம். வேலை தருபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுவார்கள். பயிற்சிக்காலம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, அதை யார் தருவது, லீவு எத்தனை நாள் என்பதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். சிங்களத்தில் இருந்தால் விளங்கியவரை வைத்து வாசியுங்கள். உங்கள் ஓ/எல் மூலச் சான்றிதழை 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று முதலாளி கேட்டால் பிரதி மட்டும் கொடுங்கள்.

என்னுடைய கையாள் தம்பியை இந்த வருடம் அப்படித்தான் பதிந்திருக்கிறேன். அவனுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பேடு இருக்கிறது. அன்றன்று செய்த வேலையை எழுத வேண்டும், நான் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே பேனையில் எழுதினால் பார்க்க வரும் உத்தியோகத்தருக்கு உடனே தெரிந்துவிடும். எங்கள் கடையில் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது குறிப்பேடும் மேசைக்கு வரவேண்டும். அது வராமல் உறை திறக்காது.